அத்தானின் படிக்கும் மெஷின்கள்

என் அக்கா பத்மாவதியின் கணவர் ஐயாத்துரை, அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் உழைத்து, தலைமைக் கிளார்க்காக ஓய்வு பெற்றவர். உழைத்ததாக அவர்தான் சொல்லிக்கொள்கிறார். எனக்குத் தெரிந்து அங்கே அவர் செய்தது ஒன்றே ஒன்று. எந்தக் கடிதம் வந்தாலும் ஓரத்தில் 'கே.ஐ.வி.' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, ஃபைலில் கோர்த்து வைப்பார். கிளார்க்குகளின் பாஷையில் அதற்கு 'இப்போதைக்குக் கிடக்கட்டும்' என்று அர்த்தம். அவர் கிடக்கவிட்ட காகிதங்களில் பாதி இன்றைக்கும் எங்கேயோ கிடக்கும்.

ஓய்வு பெற்றால் அந்தக் கை சும்மா இருக்குமா? பினாங்கில், டத்தோ கிராமாட் வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, ஒரு துளை போடும் கருவி, கட்டுக்கட்டாக நீளக் காகிதம். எழுத விஷயம்தான் இல்லை. விஷயம் கொடுத்தவர் கந்தப்பு. அவரும் அதே அலுவலகம், அத்தானுக்கு இரண்டு வருடம் ஜூனியர். எழுபத்து நான்கில் அத்தானுக்கு முன்னால் பிரமோஷன் வாங்கிவிட்ட பாவி. அத்தான் அதை மன்னிக்கவில்லை. மன்னிக்காமலேயே வாரத்துக்கு இரண்டு தடவை அவரோடு உட்கார்ந்து டீ குடித்தார். இனிப் போட்டி போட பிரமோஷன் இல்லை என்றதும் இரண்டு பேரும் மெஷினில் போட்டி போட்டார்கள்.

தொண்ணூற்றொன்றில் முதலாவது வந்தது. கலிபோர்னியாவில் இருக்கும் மகன் அனுப்பியது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, மூன்று அங்குலத் திரை, உள்ளே போட ஒரு குட்டித் தட்டு. ஒரு கலைக்களஞ்சியம் முழுவதும் அந்தத் தட்டில் இருப்பதாக அத்தான் சொன்னார். வந்து போகிற எல்லோரிடமும் சொன்னார். தபால்காரனையும் விடவில்லை.

அன்றைக்கு அக்காவும் அருகில் நின்றாள். அக்காவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவளுக்குப் புத்தகம் இல்லாமல் ஒரு நாள் போகாது. ஆங்கிலத் துப்பறியும் கதை, தமிழ் வார இதழ், பழைய ஸ்கூல் மேகஸின், கையில் கிடைத்தது எல்லாம் படிப்பாள். ஆனால் தொண்ணூறிலேயே அவளுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, வந்துவிட்டது. அது கண்ணில் இறங்கத் தொடங்கி, சின்ன எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. என்றைக்கு முழுசாகப் படிக்க முடியாமல் போகுமோ என்பதுதான் அவளுடைய ஒரே பயம். ஊசிக்குக்கூட அவள் அப்படிப் பயந்ததில்லை.

"இஞ்சாருங்கோ, இதுல எழுத்த கொஞ்சம் பெருசாக்க முடியுமா?" என்று கேட்டாள்.

அத்தான் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "நல்ல பாயிண்ட்" என்றார். புதிய ஃபைல் ஒன்றைத் திறந்தார். அட்டையில் 'படிக்கும் மெஷின்கள்: ஒப்பீடு' என்று ஆங்கிலத்தில் எழுதினார். முதல் தாளில் சிவப்புக் கோடு போட்டுக் கட்டம் கட்டினார். கடைசிக் கட்டத்தில், 'உபயோகிப்பவர் வேண்டுகோள்: பெரிய எழுத்து' என்று எழுதி, பக்கத்தில் என்ன எழுதியிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. தேதி, கையெழுத்து. அக்கா குசினிக்குப் போய்விட்டாள்.

கந்தப்பு சும்மா இருப்பாரா? தொண்ணூற்றைந்தில் அவர் ஒன்று வாங்கினார். கணக்குப் போடும் மெஷின் மாதிரி மடக்கித் திறப்பது. முதுகில் ஒரு கார்டு சொருகினால் அகராதி, வேறு கார்டு சொருகினால் கதை. ஒரு நேரத்தில் நாலே வரி தெரியும். ஐந்தாவது வரி வேண்டுமென்றால் பொத்தானை அமுக்க வேண்டும். ஒரு கொலைகாரனைக் கண்டுபிடிப்பதற்குள் கட்டைவிரல் தேய்ந்துவிடும். எழுத்தோ எறும்பு. கந்தப்பு அதைக் கோயிலுக்கும் கொண்டுவந்து, பூசைக்குக் காத்திருந்தவர்களுக்குத் திறந்து காட்டினார் என்றால் பாருங்கள்.

"உங்களுது பேட்டரி ரெண்டு மணி நேரம் அண்ணே. என்னுது ஆறு மாசம்லா" என்றார்.

"உன்னுதுல படம் இருக்கா? என்னுதுல யானை படம் இருக்கு" என்றார் அத்தான்.

அறுபது வயதைத் தாண்டிய இரண்டு பேர், ஒருவர் யானைக்காகவும் மற்றவர் பேட்டரிக்காகவும் முகம் சிவக்கப் பேசினார்கள். இரண்டு மெஷினுக்கும் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. அது அவர்களுடைய கட்டங்களில் ஒரு குறையாகவே ஏறவில்லை. இரண்டு பேரில் ஒருவராவது அதில் ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தாரா என்று கேளுங்கள். அத்தான் படித்தது பெட்டியோடு வந்த விளக்கக் கையேட்டை. அதுவும் காகிதத்தில்.

நான் முப்பது வருடம் ஸ்கூலில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவள். ஆயர் ஈத்தாமில் தனியாக இருக்கிறேன். சனிக்கிழமைதோறும் நூல் நிலையத்தில் நாலு புத்தகம் எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து அக்கா வீட்டுக்கு வருவேன். பெரிய எழுத்துப் புத்தகம் அங்கே ஒரே ஒரு தட்டுதான். அதைத் தொண்ணூற்றேழிலேயே அக்கா முடித்துவிட்டாள். பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம். பக்கத்து அறையில் அவள் புருஷன் திரையின் வெளிச்சத்துக்கு எத்தனை மார்க் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரியும். எரிந்ததை அங்கேயே கொட்டிவிட்டுத்தான் வருவேன். என் வாய் அந்தக் குடும்பத்தில் பிரசித்தம்.

தொண்ணூற்றொன்பதில் அமெரிக்காவில் நிஜமாகவே புத்தகம் மாதிரி மெஷின்கள் வந்துவிட்டன. மகன் அத்தானுக்கு ஒன்று அனுப்பினான். பெரிய திரை, மேலே தோல் அட்டை, திறந்தால் தானாக எரியும். எடை கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ, மடியில் வைத்தால் தொடை மரத்துப்போகும். டெலிபோன் கம்பியில் சொருகினால் புத்தகம் வந்து இறங்குமாம். அமெரிக்காவில் இறங்கும். பினாங்கில் டெலிபோன் பில்தான் இறங்கும். ஆகையால் மகன் ஏற்றி அனுப்பிய பன்னிரண்டு புத்தகத்தோடு சரி.

இரண்டு மாதத்தில் கந்தப்புவும் வாங்கிவிட்டார். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இஞ்சினியராக இருக்கும் மருமகன் அமெரிக்காவுக்கு வேலையாகப் போய்த் திரும்பும்போது கொண்டுவந்தார். அது சின்னது, ஒரு கையில் பிடிக்கலாம், பேட்டரி இருபது மணி நேரம். இரண்டிலும் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி வந்துவிட்டது என்று மருமகன் சொன்னார். இரண்டே அளவு, சின்னது, பெரியது.

நான் அத்தானிடம் போய் நின்றேன். "எட்டு வருஷமா அக்கா கேட்டது வந்திருச்சு. பெருசாக்கி அவ கையில குடுங்க அத்தான்."

"ட்ரையல் இன்னும் முடியல அருந்ததி. ஒப்பீடு முடியாம மெஷின வெளிய குடுக்க முடியாது."

"வெளியவா? உங்க பொண்டாட்டி கையில."

"அதுவுமில்லாம, பெரிய எழுத்து வெச்சா ஒரு பக்கம் மூணு பக்கமாயிடும். எத்தன தடவ பொத்தான அமுக்கணும்? அது நெகட்டிவ் பாயிண்ட்லா. கந்தப்பு புடிச்சுக்குவான்."

அன்றைக்கு நான் பேசிய பேச்சை எழுதினால் ஒரு ஃபைல் போதாது. அவருக்கு மண்டையில் இருப்பது மூளையா மைக்கூடா என்று கேட்டேன். அக்கா நடுவில் வந்து, "விடு அருந்ததி, அவருக்கு இதுல ஒரு சந்தோசம்" என்றாள். அவளையும் சேர்த்துத் திட்டினேன்.

இரண்டு பேரும் ஒப்பீடு எழுதி முடித்தார்கள். எடை, பக்கம், வெளிச்சம், பேட்டரி, தோற்றம் என்று மொத்தம் நூறு மார்க். அத்தானின் தாளில் அத்தானின் மெஷினுக்கு எண்பத்தேழு, கந்தப்புவின் மெஷினுக்கு எழுபத்தொன்று. கந்தப்புவின் தாளில் அப்படியே தலைகீழ். தாள்களை நேரில் கொடுக்காமல் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். அலுவலக முறை என்றால் முறைதானே. கடைசியில், உபயோகிப்பவர் ஒருவர் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் இரண்டு பேரும் ஒத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. உபயோகிப்பவர் யார் என்று தேடினார்கள். என்னைக் கேட்கவில்லை, எனக்கு அத்தான்மேல் காழ்ப்பாம். அப்போதுதான் அந்த வீட்டில் புத்தகம் படிக்கிற ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்பது இரண்டு மேதைகளுக்கும் ஞாபகம் வந்தது.

தீபாவளியன்று நாள் குறித்தார்கள். காலையிலிருந்து வீடு நிறைய ஆள். அக்கம்பக்கத்துச் சீனர், மலாய்க்காரர், பழைய ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் வந்து போனார்கள். முறுக்குத் தட்டு ஒரு பக்கம் போனால், தோல் அட்டை மெஷின் மறுபக்கம் போனது. அத்தான் ஒருவர் விடாமல் திறந்து காட்டினார். பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்ததும் கந்தப்பு தன் மெஷினோடு வந்தார். அக்காவைச் சன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். புதுச் சேலையில் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி நேராக உட்கார்ந்திருந்தாள்.

முதலில் கந்தப்புவின் மெஷினைக் கொடுத்தார்கள். அக்கா அதைக் கையில் பிடித்துக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள். "ம்ம், இது பரவால்ல" என்றாள். பிறகு அத்தான் தன்னுடையதைத் திறந்து அவள் மடியில் வைத்துவிட்டு, மேசைக்குப் போய் பேனாவைத் திறந்து தயாராக உட்கார்ந்தார். அக்கா தோல் அட்டையை ஒருமுறை தடவினாள். சன்னல் வெளிச்சம் திரைக் கண்ணாடியில் விழுந்து பளபளத்தது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, நிதானமாகப் பார்த்தாள்.

"இதுதான். எழுத்து நல்லா தெளிவா இருக்கு" என்றாள்.

அத்தான் எழுதத் தொடங்கிவிட்டார். கந்தப்பு விடுகிற ஆளா? எந்த எழுத்து எவ்வளவு தெளிவு என்று பார்க்க எழுந்து, அக்காவின் தோளுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். அது ஜெயித்தவரின் முகமே இல்லை.

"அண்ணே" என்றார் மெதுவாக. "இது ஆஃப் ஆகிக் கெடக்கு."

அத்தான் நிமிர்ந்தார். அவர் வாயிலிருந்து முதலில் வந்தது, "பேட்டரி அஞ்சு மணி நேரம் வரும்னு போட்டிருந்தானே" என்பது. சொல்லிவிட்டுத்தான் அவருக்குப் புரிந்தது. பேனாவை மூடாமலே எழுந்து வந்தார். மடியிலிருந்த கறுத்த திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா இன்னும் திரையைப் பார்த்துச் சிரித்த முகமாகவே இருந்தாள். அவரைக் கந்தப்புவின் முன்னால் தோற்கவிடாமல் இருக்க, கையால் தடவி எது அவருடையது என்று தெரிந்துகொண்டிருக்கிறாள்.

கந்தப்பு தன் மெஷினை எடுத்து, அவசரமாகப் பொத்தான்களை அமுக்கி, எழுத்தைப் பெரிதாக்கி அக்காவின் முகத்தருகே கொண்டுபோனார். "இப்ப தெரியுதா அக்கா?"

அக்கா தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"இன்னும் பெருசு பண்ணு" என்றார் அத்தான்.

"ரெண்டு சைஸ்தான் அண்ணே இருக்கு."

"இன்னும் பெருசு பண்ணுடா" என்றார் மறுபடியும். நாற்பது வருடத்தில் அவர் கந்தப்புவிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டு நான் கண்டதில்லை. என் வாயில் அத்தானுக்கென்று வசைகள் வரிசையாக வந்து நின்றன. எட்டு வருடத்துக்குச் சேர்த்துக் கேட்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஆனால் அதற்கு முன்னால் அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"எப்பலேருந்துக்கா?"

"அஞ்சு மாசம் இருக்கும்லா. ஆளு தெரியுது, வெளிச்சம் தெரியுது. எழுத்துதான் ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது."

ஐந்து மாதம் என்றால் இருபது சனிக்கிழமை, எண்பது புத்தகம். எல்லாவற்றையும் நல்லா இருந்துச்சு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கிறவள் என்று எனக்கு ஸ்கூலில் பெயர்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லணும்னுதான் ஒவ்வொரு சனிக்கெழமையும் நெனப்பேன்" என்றாள் அக்கா. குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "நீ வாசல்ல ஏறும்போதே அவர திட்டிக்கிட்டுத்தான் வருவ. திட்டி முடிக்கிறதுக்குள்ள உனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடும்."