முப்பத்தொன்று

லரிஸா கொஞ்சம் அழுத்திவிட்டதில் கத்தி முனை சிம்ஹாவின் கழுத்தெலும்பில் லேசாகக் கீறிவிட்டது.

"ஐயையோ, பட்டுடுச்சா?"

"பரவால்ல, கிழிங்க."

யூத வழக்கப்படி, அப்பா செத்துப்போனால் மகளின் சட்டையை இடது பக்கம், நெஞ்சுக்கு நேராகக் கிழிக்க வேண்டும். பெண்ணின் சட்டையை ஆண் தொடக் கூடாது என்பதால் அடக்கச் சங்கத்துப் பெரியவர் அசூலின் கத்தியை எதிர்வீட்டு லரிஸாவிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். துணி சர்ரென்று கிழிந்ததுதான் தாமதம், வந்திருந்த பதினேழு பேரும் சட்டென்று வானத்தைப் பார்த்தார்கள். காஸா எல்லையை ஒட்டிய இஸ்ரேலிய ஊரான ஸ்தெரோத்துக்காரர்களின் லட்சணம் அது. பால் குக்கர் விசிலடித்தாலும் பாதிப் பேர் செருப்பைத் தேடுவார்கள்.

இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு. காலையிலிருந்து மூன்று முறை சைரன் ஊதியாகிவிட்டது. மேற்கே காஸா பக்கம் புகை தடித்து எழுந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத்து பீரங்கிகள் விட்டு விட்டு முழங்கின. எல்லாரும் சீக்கிரம் முடிந்தால் தேவலை என்ற முகத்தோடு நின்றார்கள்.

கல்லறைத் தோட்டத்துச் சரளைப் பாதையில் தூக்குக்கட்டிலில் அப்பா மக்லூஃப் கிடந்தார். பெட்டி கிடையாது. வெள்ளைத் துணி சுற்றி, மேலே அவருடைய பிரார்த்தனைச் சால்வையைப் போர்த்தியிருந்தார்கள். இவ்வளவு சின்ன மனிதரா என்று இருந்தது சிம்ஹாவுக்கு.

"உன்ன மாதிரி பொண்ணு யாருக்கும்மா வாய்க்கும்?" என்றார் அசூலின், திரும்பிப் பார்க்காமலே. "படுக்கையில விழுந்து ரெண்டு வருஷம். எத்தன ராக்கெட்டு! ஒரு தடவையாவது அவர விட்டுட்டு ஓடியிருப்பியா? செத்தவங்கள மண்ணு போடுற வரைக்கும் தனியா விடக் கூடாதுங்கிறது நம்ம வழக்கம். நீ அத உசுரோட இருக்கும்போதே செஞ்சவ."

தம்பி நிஸ்ஸிம் அவள் தோளை அணைத்துக்கொண்டான். ஹைஃபாவிலிருந்து விடியற்காலையில் காரை ஓட்டிக்கொண்டு வந்தவன். "ஆமாக்கா. நா இருந்திருந்தா ஓடியிருப்பேன்," என்றான். சிம்ஹா அவன் கையைத் தோளிலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள். லரிஸா கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் வீடு பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடி. பதுங்கறை நிலத்தடியில். சைரனுக்கும் வெடிக்கும் நடுவே கிடைப்பது பதினைந்து நொடி. அதற்குள் பக்கவாதக்காரரை எழுப்பி உட்கார வைக்கவே முடியாது. அதனால் சைரன் ஊதினால் சிம்ஹா கட்டிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் படுத்து, இரண்டு கைகளாலும் அவர் தலையை மூடிக்கொள்வாள். அவர் மொராக்கோ அரபியில் உரக்க எண்ணுவார். பதினைந்தில் ஒரு கேள்வி வரும்.

"இருக்கியா?"

"இருக்கேன்பா."

"அப்ப டீ போடு."

அவள் பதில் சொல்லும்வரை எண்ணுவதை நிறுத்த மாட்டார். ஒருமுறை அவளுக்கு இருமல் வந்து பதில் தாமதமாக, பதினெட்டு வரை போய்விட்டார். அன்றெல்லாம் திட்டு.

தக்காளிக் கிட்டங்கியில் தன்னோடு இருபது வருஷம் வேலை பார்த்த காஸாக்காரர் ஹம்தானிடம் போனில் இந்த எண்ணும் வித்தையைப் பெருமையாகச் சொல்லிப் பார்த்தார் ஒருநாள். "எங்களுக்குச் சைரனே கிடையாதே மக்லூஃப், எப்பலேர்ந்து எண்ண ஆரம்பிக்கிறது?" என்று கேட்டாராம் ஹம்தான். அதற்குப் பிறகு அப்பா அந்த வித்தையை யாரிடமும் சொன்னதில்லை. இந்த வசந்தத்தில் ஹம்தானின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

நேற்றுக் காலை சிம்ஹா குப்பைப் பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்திருந்தாள். "சிவப்பு நிறம், சிவப்பு நிறம்" என்று ஒலிபெருக்கியில் ராக்கெட் எச்சரிக்கையின் பெண்குரல் ஆரம்பித்தது. அப்பா படுக்கையில் விழுவதற்கு முன் இருபது வருஷம் தன் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு இறங்கிய படி. கால்கள் அவளைக் கேட்கவே இல்லை. நினைவு வந்தபோது பதுங்கறைக்குள் நின்றாள், கையில் குப்பைப் பை.

திரும்பி ஏறியிருக்கலாம். ஏறவில்லை. முதல் வெடியில் விளக்கு அணைந்தது, இரண்டாவதில் கூரையிலிருந்து சுண்ணாம்பு கொட்டியது. படியேறப் பயந்தாள், அவ்வளவுதான் உண்மை. பத்து நிமிஷம் வெளியே வரக் கூடாது என்ற விதியை வாழ்நாளில் ஒருநாளும் மதிக்காதவள் நேற்றுக் கடைசி நொடி வரை மதித்தாள். மேலே போனபோது அப்பாவின் கண் திறந்திருந்தது, உடம்பு இன்னும் சூடாக இருந்தது. ராக்கெட் விழுந்தது என்னவோ ஊருக்கு வெளியே சூரியகாந்தி வயலில்.

"நா பக்கத்துலதான் இருந்தேன்," என்று டாக்டரிடம் சொன்னாள். நிஸ்ஸிமிடமும் அதையே சொன்னாள். இப்போது ஊரே சொல்கிறது.

லரிஸா அவள் கிழிசலுக்கு ஊக்குக் குத்துகிற சாக்கில் நெருங்கி வந்தாள். இடுப்பெலும்பு தேய்ந்தவள் அவள். சைரன் ஊதினால் இறங்க முடியாமல் இரண்டாம் மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

"சிம்ஹா, நீ கீழ ஓடுனத நா பாத்தேன்."

சிம்ஹா நிஸ்ஸிம் நின்ற பக்கம் பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். ஆனா ஒண்ணு உனக்குத் தெரியணும். உங்க வீட்டுக் கதவு தொறந்துதான் கெடந்துச்சு. அவரு எண்ணுனாரு. பதினஞ்சுல நிப்பாட்டல."

"எது வரைக்கும்?"

"தெனம் கேட்டுக் கேட்டு உங்க அரபி எண்ணிக்க பதினஞ்சு வரைக்கும் எனக்குப் பழக்கம். அதுக்கு மேல அவரு கூடவே என் பாஷையில எண்ணுனேன். முப்பத்தொண்ணு. அதுக்கப்பறம் சத்தம் இல்ல."

"நீங்க உள்ள போகலயா?"

"பயமா இருந்துச்சு," என்றாள் லரிஸா.

அதற்கு மேல் கேட்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்று சிம்ஹாவுக்குத் தெரியும். ஊக்கைத் தானே வாங்கிக் குத்திக்கொண்டாள்.

நான்கு பேர் தூக்குக்கட்டிலைத் தூக்கி இருபதடி நடந்திருப்பார்கள். "சிவப்பு நிறம், சிவப்பு நிறம்."

"கீழ வைங்க! கீழ வைங்க!" என்று கத்தினார் அசூலின்.

வைத்தார்கள். வாசலோரத்துக் கான்கிரீட் அறையை நோக்கிச் சிலர் ஓடினார்கள். மற்றவர்கள் கல்லறைகளுக்கு நடுவே குப்புற விழுந்து பிடரியில் கைகளைக் கோத்துக்கொண்டார்கள். லரிஸா ஒரு கல்லறை மேடையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பாதையின் நடுவே மக்லூஃப் மட்டும் தனியாகக் கிடந்தார்.

சிம்ஹாவின் கால்கள் வாசல் பக்கம் திரும்பிவிட்டன. ஐந்தாறு எட்டு போயும்விட்டன. போகாதே, போகாதே என்று அவள் தன் கால்களிடம் கெஞ்சினாள். முழங்கால் மடங்கிச் சரளையில் விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து எழாமல், கைகளை ஊன்றித் தவழ்ந்தே திரும்பி வந்து அப்பாவின் பக்கத்தில் படுத்து, சால்வைக்கு மேலாக இரண்டு கைகளாலும் அவர் தலையை மூடினாள்.

"அக்கா, உன் தலைய மூடு!" நிஸ்ஸிம் தரையில் கிடந்தபடியே அலறினான். "அவருக்கு இனிமே என்ன ஆகப்போகுது? உன் தலைய மூடுக்கா!"

சிம்ஹா துணியோடு வாயை வைத்தாள். பயத்தில் முதலில் குரல் எழும்பவில்லை. பிறகு அப்பாவின் அரபியில் ஆரம்பித்தாள்.

"முப்பத்தி ரெண்டு. முப்பத்தி மூணு. முப்பத்தி நாலு..."

நாற்பத்தாறில் பூமி அதிர்ந்தது. பொடிக்கற்கள் முதுகில் விழுந்தன. அடுத்த வெடி தூரத்தில் கேட்டது. பிறகு ஒரு நாய் மட்டும் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

ஒவ்வொருவராக எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்கள். அசூலின் மூச்சு வாங்க வந்து நின்றார். "எந்திரிம்மா. அடுத்தது வர்றதுக்குள்ள முடிச்சிரலாம். கைய எடு."

"ஒரு நிமிஷம்," என்றாள் சிம்ஹா. துணிக்குள் இருந்த காதுக்கு நேராகக் குனிந்து, "இருக்கேன்பா," என்றாள்.

தூக்குக்கட்டில் எழும்பியது. சால்வையில், தலைக்கு இரண்டு பக்கமும், அவளுடைய உள்ளங்கைகளின் மண் தடம் அப்பியிருந்தது. லரிஸா அதைத் தட்டிவிடக் கையை நீட்டினாள். பிறகு கையை இழுத்துக்கொண்டு, விந்தி விந்திப் பின்னால் நடந்தாள்.