நல்ல தண்ணிக் கிணற்று வீடு

வீடு வாங்கப் போகிற மற்ற ஊரவன் கூரையைப் பார்ப்பான், சுவரைத் தட்டுவான், கதவை இழுத்துச் சாத்திப் பார்ப்பான். யாழ்ப்பாணத் தீவுகளில் பிறந்த தீவான் நேரே கிணற்றடிக்குப் போவான். வாளியை இறக்கி, ஒரு கை தண்ணீரை வாயில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். தண்ணீர் நல்லதென்றால் வியாபாரம் பாதி முடிந்த மாதிரி. உப்புக் கரிக்கிற சவர் என்றால், மாளிகையாக இருந்தாலும் திரும்பிப் பாராமல் வாசல் படலையைக் கடந்துவிடுவான். தில்லைநாதனும் தீவான்தான். முப்பது வருஷம் மலைநாட்டில், பதுளையில் கடை வைத்திருந்தவர் என்றாலும், நாக்கு புங்குடுதீவில் பிறந்த நாக்கு. அந்த நாக்கை நம்பித்தான் மனுசன் மோசம் போனார்.

எண்பத்துநாலாம் ஆண்டு ஆவணியில் அவருக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. வேண்டியிருந்தது என்று சொன்னால் போதாது. வீடில்லாமல் அவரால் மனைவி நல்லம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தாய் தகப்பன் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த கல்வீட்டைக் கடையைப் பெருப்பிக்கவென்று விற்றவர் அவர். "கொஞ்சம் பொறும், அதைவிடப் பெரிசாக் கட்டித் தாறன்" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துப்போனவர். பிறகு எண்பத்துமூன்று ஆடிக் கலவரம் வந்தது. கடையையும் அதற்கு மேலே பலகைத் தட்டில் இருந்த குடித்தனத்தையும் சேர்த்துக் கொளுத்தினார்கள். பக்கத்து வீட்டுக் குளியலறைக்குள் ஒளிந்திருந்த நல்லம்மா, சின்ன யன்னலால் தன் வீட்டுக் கூரை எரிந்து விழுவதைப் பார்த்தாள். அகதிக் கப்பலில் வந்து இறங்கிய கிழமையே பாரிசவாதம் அவளுடைய வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டது.

பிள்ளை குட்டி இல்லை. புங்குடுதீவில் தன் தங்கச்சி வீட்டு விறாந்தையில் ஒரு வருஷம் கிடந்தாள். தங்கச்சி ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் அடுத்தவர் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறவளுக்கு விடிகிற ஒவ்வொரு நாளும் வெட்கம்தான். அவள் தில்லைநாதனிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஓலையும் வேண்டாம், ஓடும் மரமும் வேண்டாம். எரியாத கூரைக்குக் கீழை என்னைக் கொண்டுபோய்ப் போடுங்கோ. நான் எழும்பி ஓட ஏலாதவள்."

பக்கத்துத் தீவில், சரவணை என்ற ஊரில் அப்படி ஒரு வீடு விலைக்கு வந்தது. இலட்சுமிப்பிள்ளை என்ற விதவை கடைசிக் காலத்தை நிம்மதியாகக் கழிக்கவென்று, ஜேர்மனியில் இருந்த மகன் கட்டிக்கொடுத்த புது வீடு. சுண்ணாம்பு மணம்கூடப் போகவில்லை. அதற்குள் மகனுக்குப் பயம் பிடித்து, தாயைத் தன்னிடமே கூப்பிட்டுவிட்டான். வீட்டுக்கு மேலே ஓடும் இல்லை, மரமும் இல்லை. சமைக்கிற குசினி வரைக்கும் தட்டைக் கூரையாக ஒரே கொங்கிறீற் பிளாற். ஊருக்கு அது புதினமான வீடு.

மிளகாய்ச் சாக்கென்றால் அடிமட்டும் கையை விட்டுக் கிளறிப் பார்க்காமல் தில்லைநாதன் விலை பேசமாட்டார். வீட்டுக்குள் போனவர் அப்படியொன்றும் கிளறவில்லை. கதவு முதிரை, நிலம் முகம் பார்க்கலாம் போன்ற சிவப்புச் சீமெந்து. ஒரு சுவரைக் கையால் தட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். ஆவணிக் கோடை. தீவில் நல்ல கிணறுகளே அந்த நாளில் நாக்கில் கரிக்கத் தொடங்கிவிடும். இந்தக் கிணறோ இளநீர் மாதிரி இருந்தது. தில்லைநாதன் இன்னொரு கை அள்ளிக் குடித்தார். அங்கேயே அவருடைய மனம் கவிழ்ந்துவிட்டது.

"தம்பி, இந்தச் சுற்றாடல் முழுக்கக் குடிக்கிறது இதிலைதான்," என்றாள் இலட்சுமிப்பிள்ளை. "பின்னேரத்திலை வீட்டுக்கு ஒரு குடம். அதுக்கு மேலை ஆரையும் அள்ள விடமாட்டன். கூட இறைச்சா அடியிலையிருந்து சவர் ஏறிப்போடும். வீடு கட்டேக்கைகூட மேசன்மாரைக் கிட்ட விடேல்லை. சீமெந்து குழைக்க, பிளாற் நனைக்க எல்லாத்துக்கும் கடக்கரைத் துரவிலைதான் அள்ளினவங்கள். இதிலை ஒரு வாளி தொட விடேல்லை."

துரவு என்பது கடற்கரையோரம் தோண்டிவிட்ட குழி. மாரியில் நிரம்பும், கோடையில் வற்றிச் சேறாகும். அதில் மாடுகூட வாய் வைக்காது.

"நல்ல வேலை செய்திருக்கிறியள் அக்கா. கிணத்தைக் காப்பாத்திப் போட்டியள்," என்றார் தில்லைநாதன். முகத்துக்காகச் சொல்லவில்லை, உள்ளபடியே சொன்னார். அந்தக் கிழவியும் ஏமாற்றுக்காரி இல்லை, உள்ளதைத்தான் சொன்னாள். அந்த இடத்தில் தீவான் எவன் நின்றிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான்.

வங்கியில் கிடந்ததும் நல்லம்மாவின் நகையும் அந்த வீட்டோடு முடிந்தன. குடிபுகுந்த அன்றைக்கு, கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி நல்லம்மா ஒரு தடியெடுத்துக் கூரையைத் தட்டிக் காட்டச் சொன்னாள். அவர் தட்டினார். கல்லில் தட்டியது போலக் கெட்டியாகச் சத்தம் வந்தது. "இன்னொருக்கால்," என்றாள். மீண்டும் தட்டினார். பதுளையை விட்ட பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். வாய் ஒரு பக்கம் கோணினாலும் சிரிப்பு சிரிப்புத்தான். தில்லைநாதன் குசினிக்குள் போய் நின்று அழுதார். சந்தோசத்தில் அழுகிற ஆளில்லை அவர், அன்றைக்கு அழுதார்.

முதல் மாரியில் சுவர்கள் வேர்த்தன. மழை விட்ட பிறகு வெள்ளை மா பூத்தது. புது வீட்டுச் சுண்ணாம்பு அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பூத்தது. இரண்டாம் மாரியில் கட்டிலுக்கு நேர் மேலே மண்ணிறத்தில் ஒரு கோடு விழுந்தது. கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். "காத்து நல்லா வரட்டும்," என்று காரணம் சொன்னார். நல்லம்மா மேலே பார்த்தபடி கிடந்தாள். பிறகு அங்கேயும் ஒரு கோடு வந்தது. மூன்றாவது மாரி முடியுமுன் அந்த வீட்டில் கட்டில் போடாத இடமே இல்லை.

ஒரு நாள் காலையில் சுவரிலிருந்த மாவை விரலில் தொட்டு, ஏனென்று தெரியாமலே நாக்கில் வைத்தார். உப்பு. கடல் உப்பு.

அவர் அந்தச் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கிணற்றைச் சுவைத்த நாக்கு, சுவரைச் சுவைக்க இத்தனை நாள் எடுத்துவிட்டது. "ஒரு வாளி தொட விடேல்லை" என்று கிழவி பெருமையாகச் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது. வீடு முழுக்கத் துரவின் உப்புத் தண்ணீரில் குழைத்தது. கிணறு ஏதோ நடுத்தரமாக இருந்திருந்தால் அதிலேயே அள்ளிக் குழைத்திருப்பார்கள், வீடும் தப்பியிருக்கும். கிணறு நன்றாக இருந்ததுதான் வீட்டுக்கு வந்த கேடு. அவரோ அந்தக் கிணற்றைப் பார்த்தே வீட்டை வாங்கினார்.

பக்கத்து ஊரான கரம்பொன்னிலிருந்து மேசன் அம்புறோசைக் கூட்டிவந்தார். அம்புறோஸ் தடியால் கூரையைத் தட்டினான். முன்பு கேட்ட சத்தம் வரவில்லை. வெறும் பெட்டியில் தட்டியது போல இருந்தது. வெளியே கூட்டிக்கொண்டுபோய்த் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"அண்ணை, உள்ளுக்கை கம்பி கறள் பிடிச்சு ஊதிப்போச்சுது. இது பூசி மறைக்கிற வேலையில்லை. முழுக்க உடைச்சுத்தான் திருப்பிப் போடவேணும். ஆனா சீமெந்துக்கு எங்கை போறது? பொருளாதாரத் தடையாலை அரிசியே வரேல்லை."

"இதுக்குக் கீழை படுக்கலாமோ?"

"நான் எண்டா என்ரை நாயையும் படுக்க விடமாட்டன்."

போகும்போது ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தான். குடித்துவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தான். "ஒண்டு சொல்லட்டோ அண்ணை? இந்த வீட்டை நான் கட்டியிருந்தாலும் இதிலை அள்ளியிருக்க மாட்டன்," என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். ஆறவில்லை.

எப்படி நல்லம்மாவுக்குச் சொல்வது என்று தில்லைநாதன் தவித்துக்கொண்டிருந்தபோது, வீடே சொல்லிவிட்டது. பங்குனி வெயில். மத்தியானச் சாப்பாட்டை அவள் வாயில் தீத்திவிட்டு, முதுகுப் புண்ணுக்கு எண்ணெய் பூச அவளைச் சுவர்ப் பக்கமாகச் சரித்துப் பிடித்திருந்தார். தலையணையில் அவள் தலை இருந்த இடத்தில் கூரையிலிருந்து ஒரு துண்டு விழுந்தது. தேங்காயளவு கொங்கிறீற். மேலே துருவேறிக் கறள் பிடித்த கம்பிகள் தெரிந்தன. நல்லம்மா கத்தவில்லை.

"விழுந்திட்டுதோ? போன மாரியிலை இருந்து அந்தத் துண்டைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தனான்," என்றாள்.

"தெரிஞ்சுகொண்டோ இருந்தனீர்? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மேலை பாக்கிறதைவிட எனக்கு வேறை என்ன வேலை? நீங்கள் கட்டிலை இழுத்துக்கொண்டு திரியேக்கை ஏதாவது சொல்ல மனம் வருமோ? ஆசைப்பட்டு வாங்கின வீடு."

அவளுடைய காலடியில் தலையை வைத்து அழுதார். சீதன வீட்டை விற்றபோது கேட்காத மன்னிப்பை அப்போது கேட்டார். அவள் இடக்கையால் அவருடைய தலையைத் தொட்டாள். ஆனால், "பறவாயில்லை" என்று அவள் சொல்லவில்லை.

போக்கிடம் இல்லை. தங்கச்சி வீட்டில் திருகோணமலையிலிருந்து ஓடிவந்த சனம் நிரம்பியிருந்தது. கிணற்றடி வேம்பின் கீழ் தென்னோலைக் கிடுகால் ஒரு கொட்டில் போட்டு நல்லம்மாவைத் தூக்கி வந்து கிடத்தினார். எந்தக் கூரைக்கு அவள் பயந்தாளோ அதே ஓலைக் கூரை. அதுவும் எண்பத்தேழாம் ஆண்டு. காரைநகர்க் கடற்படை முகாம் பக்கமிருந்து வேட்டுச் சத்தம் கேட்காத நாள் குறைவு. இராணுவ ஹெலிகொப்டர் தலைக்கு மேலே சுற்றும்போதெல்லாம் அவள் இடக்கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "பத்தப்போகுது, பத்தப்போகுது" என்று பதறினாள். சோறு இறங்கவில்லை. கண் மூடவில்லை. கூரை தலையில் விழப்போகிறது என்று தெரிந்தும் வாய் திறவாதவள், ஓலைக்குக் கீழே குழந்தைபோல நடுங்கினாள்.

அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழிதான். ஏணியில் ஏறி ஓலையை நனைத்தார். துரவு கோடையில் வறண்டு கிடந்தது. ஒழுங்கைச் சந்தின் முடிவிலுள்ள சவர்க் கிணற்றிலிருந்து தூக்கி வரப் பார்த்தார், நெஞ்சு அடைத்து நடுவழியில் குந்திவிட்டார். நல்ல தண்ணிக் கிணறோ கொட்டிலுக்குப் பக்கத்தில். அதில் அள்ளினார். நனைந்த ஓலையின் நுனியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நல்லம்மா சாப்பிட்டாள், தூங்கினாள். பங்குனி வெயில் ஒரு நாழிகையில் ஓலையைக் காயப்போடும். காயக் காய அள்ளினார். வீட்டுக்கு ஒரு குடம் என்று ஊருக்கு அளந்து கொடுத்த கிணற்றில் பீப்பாய்க் கணக்கில் அள்ளினார்.

பின்னேரம் குடத்தோடு வந்த பக்கத்து வளவு யோகம்மா அதைக் கண்டு திகைத்துப்போனாள்.

"அண்ணை, என்ன வேலை செய்யிறியள்? ஊர் குடிக்கிற தண்ணியெல்லோ! சவர் ஏறிப்போடும்!"

"தெரியும் பிள்ளை."

"தெரிஞ்சுகொண்டோ ஓலைக்கு ஊத்திறியள்?"

"ஓலை காஞ்சா அவள் சாப்பிடுறாளில்லை."

யோகம்மா கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். நல்லம்மாவின் கை ஓலை நுனியில் இருந்தது. பொல்லாத வாய்க்காரி என்று பெயரெடுத்த யோகம்மா வாளியை வாங்கி அள்ளினாள். குடத்தை நிரப்பிக்கொண்டு படலைமட்டும் போனவள் திரும்பி நின்றாள்.

"என்ரை பிள்ளையளுக்கும் தொண்டை காயுமெல்லோ அண்ணை," என்றாள்.

நியாயம். வியாபாரத்தில்கூட ஒருவருக்கும் நிறை குறைத்துக் கொடுக்காத மனுசன் அவர். ஆனாலும் வாளியைத் தூக்கினார். பிறகு ஏணியில் ஏறினார்.

சித்திரை பிறந்து சில நாளில், ஒரு பின்னேரம், நல்லம்மாவின் தலையை நிமிர்த்தி மூக்குப் பேணிக் குவளையால் தண்ணீர் பருக்கினார். ஒரு மிடறு குடித்தவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் பேணியைத் தன் வாயில் கவிழ்த்தார்.

கரித்தது.

ஓடிப்போய் வேறு வாளி அள்ளி வாயில் விட்டார். அதுவும் கரித்தது. தீவில் ஆவணிக் கோடையிலும் இனித்த கிணறு, இலட்சுமிப்பிள்ளை பிள்ளைபோலக் காத்த கிணறு, ஊரின் தொண்டையை நனைத்த கிணறு. அதற்காகத்தான் அந்த வீட்டை உப்பில் கட்டினார்கள். இப்போது வீடும் உப்பு, கிணறும் உப்பு. ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டு கிணற்றடியில் குந்தினார். அறுபது வயது மனுசனின் அழுகை ஒழுங்கைக்கே கேட்டது.

படலை கிறீச்சிட்டது. யோகம்மா வெறுங்குடத்தோடு வந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. வாளியில் மிஞ்சியதை விரலால் தொட்டுப் பார்க்கக்கூட அவள் குனியவில்லை.

தூரத்தில் ஹெலிச் சத்தம் எழும்பியது. கொட்டிலுக்குள்ளிருந்து நல்லம்மாவின் குரல் வந்தது. நடுங்கியது, ஆனாலும் தெளிவாக இருந்தது.

"இஞ்சாருங்கோ, ஓலை காயுது. ஊத்துங்கோ. நெருப்புக்கு உப்புத் தெரியாது."

தில்லைநாதன் யோகம்மாவின் முகத்தைப் பாராமல் எழும்பி, வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார்.