பிரேக் மட்டும் பிளானில் இல்லை

கோவிலூர் தாண்டியதும் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. தகரத்தைச் சிமெண்டுத் தரையில் போட்டு இழுப்பது மாதிரி ஒரு கரகரப்பு. நாராயணன் பிரேக்கில் கால் வைத்தால் கேட்கும், காலை எடுத்தால் நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெய்யம்மை ஒவ்வொரு தடவையும் அவர் காலைப் பார்த்தாள். அவள் புருஷருக்கோ காது என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மனுஷர் பாட்டுக்கு ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மீசையைத் தடவிக்கொண்டு போனார்.

தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்கள் சாலையை அடைத்துக்கொண்டு போனார்கள். மஞ்சளும் காவியுமாக ஒரே ஜனம். காவடி எடுத்தவர்கள், பால்குடம் வைத்தவர்கள், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்கள். ஓரம் நடு என்றெல்லாம் அவர்களுக்குக் கணக்கில்லை, இந்த நாலு நாளும் சாலை அவர்களுடையது. அதற்கு நடுவே இந்தப் பெரிய வெள்ளைக் கார், டிக்கி நிறைய ஆரஞ்சு மூட்டையும் தண்ணீர் பாட்டிலும் ஏற்றிக்கொண்டு கனத்துப்போய் ஊர்ந்தது. குன்றக்குடியில் நிறுத்தி, நடந்து வருகிறவர்களுக்குக் கொடுப்பது வருஷா வருஷம் நடப்பதுதான்.

"என்னங்க, சத்தம் கேக்குதா?"

"என்ன சத்தம்?"

"பிரேக்குல."

"பெரிய வண்டின்னா அப்படித்தான் இருக்கும். அதெல்லாம் பிளான்ல பாத்துக்குவாக. நீ சும்மா வா."

பிளானாம் பிளான்! இரண்டு வருஷமாக அந்த வீட்டில் முருகன் பெயரைவிட அதிகமாகச் சொல்லப்பட்ட பெயர் அதுதான். நாராயணனுக்குக் காரைக்குடியில் டைல்ஸ் கடை. மதுரை ஷோரூமில் இந்த வெளிநாட்டுக் காரை எடுத்த அன்றைக்கே, ஐந்து வருஷத்து சர்வீசுக்கும் சேர்த்து மொத்தமாகப் பணத்தைக் கட்டிவிட்டார். "அஞ்சு வருஷத்துக்கு வண்டிக்கின்னு ஒரு பைசா எடுத்து வைக்க மாட்டேன்" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னார். பாத்ரூமுக்குக் கல் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னார். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுக் கல்லைப் பார்த்தார்கள்.

அதோடு விட்டாரா? மெய்யம்மையின் தங்கை தேனம்மையைக் கட்டிய ஈஸ்வரனையும் விடவில்லை. சகலையைக் கையோடு மதுரைக்கு இழுத்துப் போய், அதே நாளில், அதே காரை, அதே வெள்ளையில், அதே பிளானோடு எடுக்க வைத்தார். ஈஸ்வரன் சாது. நாராயணன் பேச ஆரம்பித்தால் அவன் "சரிண்ணே" என்று மட்டும் சொல்வான். அன்றைக்கும் அதைத்தான் சொன்னான்.

சத்தம் தீபாவளிக்குப் பிறகு வந்தது. முதலில் பக்கத்து வீட்டில் யாரோ அரைப்பது போல லேசாக இருந்தது. மெய்யம்மை ஒரு தடவை சொன்னாள், சிரித்தார். இன்னொரு தடவை சாப்பிடும்போது சொன்னாள். "ஒனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? பணத்தக் கட்டுனவன் நானா நீயா?" என்று கத்திவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு எழுந்து போனார். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. அதற்குப் பிறகு இன்றைக்கு வரைக்கும் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வண்டியில் ஏறியதும் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொள்வாள், இறங்கின பிறகுதான் விடுவாள். இன்றைக்குத் தன் உயிரைப் பற்றிக்கூட அவளுக்குப் பெரிதாகப் பயமில்லை. முன்னால் வெறுங்காலோடு போகிறதே அந்த ஜனம், அதைப் பார்க்கப் பார்க்கத்தான் பயம்.

அப்போது போன் வந்தது. இந்தக் காரில் போன் வந்தால் வண்டிக்குள் இருக்கிற அத்தனை ஸ்பீக்கரும் சேர்ந்து மணியடிக்கும். திரையில் மதுரை சர்வீஸ் சென்டரின் பெயர் வந்தது. நாராயணனுக்கு முகமெல்லாம் பல். பார்த்தாயா, நாம் கேட்காமலே கூப்பிடுகிறார்கள் என்பது மாதிரி மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

"வணக்கம் சார். உங்க பிளான்ல அடுத்த சர்வீஸ் தேதி வந்திருச்சு, அதான் கூப்பிட்டேன்" என்றது ஒரு பெண் குரல். "ஆயில், ஃபில்டர், செக்கப் எல்லாம் பிளான்லயே வந்துரும் சார், நீங்க எதுவும் கட்ட வேண்டியதில்ல."

"தெரியும்மா. சொல்லு, சொல்லு."

"அப்பறம் சார், போன தடவை முன்பக்க பிரேக் பேட் சுத்தமாத் தேஞ்சிருக்கு, உடனே மாத்தணும்னு சொல்லியிருந்தோம். தேயுற சாமான் பிளான்ல வராது, தனியாக் கட்டணும்னதும் வேண்டாம்னு சொல்லிட்டீங்க. வெளியில எங்கயாவது மாத்திட்டீங்களா சார்?"

மீசையில் இருந்த கை இறங்கியது. மெய்யம்மை புருஷரின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவசர அவசரமாகப் போனை அணைக்கத் திரையில் விரலை வைத்தார். விரல் எங்கேயோ பட்டு, குரல் இன்னும் பெரிதாகக் கேட்டது.

"சார், மாத்தலைன்னா தயவுசெஞ்சு வண்டிய எடுக்காதீங்க சார்."

அவர் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாலை அந்த இடத்தில் வளைந்து, கண்மாய்ப் பக்கமாகச் சரிவாக இறங்கும். வலது கைப் பக்கம் யாரோ மோர்ப்பந்தல் போட்டிருந்தார்கள். இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு கூட்டம் மோர் குடிக்க அப்படியே மொத்தமாகச் சாலையைக் கடக்க ஆரம்பித்தது.

"ஏங்க! ஆளுங்க! ஆளு!"

நாராயணன் ஓங்கி மிதித்தார். இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் வந்தது. வண்டி நிற்கவில்லை. எடுத்து மறுபடி மிதித்தார். கால் தரை வரைக்கும் போய் முட்டியது, வண்டி சரிவில் இறங்கிக்கொண்டே இருந்தது. "நிக்கலடி! மெய்யி, நிக்கலடி!" என்று அலறினார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படி ஒரு குரலில் பேசி அவள் கேட்டதில்லை.

இந்த வண்டியில் கைப்பிரேக் என்று இழுக்கிற கம்பி கிடையாது. இரண்டு இருக்கைக்கும் நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு பொத்தான் இருக்கும். நிறுத்தும்போதெல்லாம் அவர் அதை மேலே தூக்குவதை அவள் பார்த்திருக்கிறாள். என்ன ஆகும் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. இரண்டு கையாலும் அதைத் தூக்கி, விடாமல் பிடித்துக்கொண்டாள். "முருகா!" என்று கத்தினாள். வண்டி முனகியது, குலுங்கியது, பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்தது. முன் கண்ணாடி முழுவதும் வெள்ளையாக ஏதோ வந்து அடித்தது. பிறகு வண்டி நின்றது.

கண்ணாடியில் பால் வழிந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. மெய்யம்மைக்குக் கதவைத் திறக்கக் கை வரவில்லை. திறந்தால் என்ன கிடக்குமோ, யார் கிடப்பார்களோ. வெளியே யாரோ பானெட்டில் படார் படார் என்று அடித்தார்கள். "எறங்குய்யா கீழ! கண்ணு தெரியல?" என்று கத்தினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டே இறங்கினாள்.

பால்குடம் எடுத்து வந்த பெண் சாலையில் உட்கார்ந்திருந்தாள். வண்டிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். குடம் உருண்டு போய்ப் பந்தல் காலில் முட்டிக் கிடந்தது. மெய்யம்மை ரோட்டில் அப்படியே உட்கார்ந்து அவள் காலைத் தொட்டுப் பார்த்தாள், கையைத் தொட்டுப் பார்த்தாள், முகத்தைத் தடவினாள்.

"ஒண்ணுமில்லக்கா, மேல படல. பாலுதான் கொட்டிருச்சு" என்று அந்தப் பெண் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

நாராயணன் கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "தெரியாம ஆயிப்போச்சுங்க, தெரியாம ஆயிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜனம் நாலு வார்த்தை திட்டியது. பந்தல்காரர்கள் அந்தப் பெண்ணுக்கு மோர் கொடுத்து நிழலில் உட்கார வைத்தார்கள். மெய்யம்மை எழுந்து புருஷரின் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"தெரியாமையா? போன்ல அந்தப் புள்ள சொல்லுச்சா இல்லையா?"

"சொன்னாகதான்." அவர் பந்தல் பக்கம் பார்த்தார். "அஞ்சு வருஷத்துக்கும் கட்டியாச்சு. திரும்பவும் பிரேக்குக்குத் தனியாக் குடுன்னா? ஏமாத்துறாகன்னு நெனச்சேன். வெளிய மாத்துனா பிளானே போயிருமோன்னு விட்டுட்டேன். ஊரெல்லாம் ஒரு பைசா செலவில்லன்னு சொல்லிட்டு நான் போயி..." சட்டென்று அவள் கையைப் பிடித்தார். "மெய்யி, ஈஸ்வரன்கிட்டயும் நான் சொன்னேனே. பிரேக்கு மாத்தணும்னு ஏதாச்சும் சொல்லுவாக, ஒத்துக்காத, விட்டுருன்னு."

தேனம்மையும் ஈஸ்வரனும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே இதே சாலையில் வந்துகொண்டிருக்கிறார்கள். அதே வண்டி, அதே வளைவு, அதே சரிவு. பந்தலில் இப்போது முன்னைவிடக் கூட்டம்.

தங்கைக்குப் போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஈஸ்வரன் எண்ணுக்கு அடித்தாள். அவன் வண்டி ஓட்டும்போது எடுக்கவே மாட்டான். மறுபடி தங்கைக்கு அடித்தாள், இந்தத் தடவை லைனே கிடைக்கவில்லை. மெய்யம்மை செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வந்த வழியே ஓட ஆரம்பித்தாள். எதிரே அரோகரா போட்டுக்கொண்டு வந்தவர்கள், இந்தம்மாவுக்குப் பைத்தியமா என்று விலகி வழிவிட்டார்கள். தங்கை மகள் ஜனனிக்கு முன் சீட்டில்தான் உட்காரப் பிடிக்கும். தேனம்மை மடியில் ஏறி, கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு வருவாள். அந்த நினைப்பு வந்ததும் மெய்யம்மை இன்னும் வேகமாக ஓடினாள்.

வளைவுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கார் வந்தது. அவள் நடுச்சாலைக்குப் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். நின்ற பிறகுதான், நிற்காத வண்டிக்கு முன்னால் வந்து நிற்கிறோமே என்று உறைத்தது. நகரத் தோன்றவில்லை.

கார் தள்ளியே நின்றது. பூப்போல நின்றது. ஒரு சத்தமும் இல்லை.

தேனம்மை கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். அக்காளை அவள் ஆச்சி என்றுதான் கூப்பிடுவாள். "ஆச்சி! என்ன ஆச்சி, ஏன் இப்படி ஓடியாரீக? அத்தானுக்கு என்ன?"

"பிரேக்கு... ஒங்க வண்டிப் பிரேக்கு..."

"அது மாத்தியாச்சே" என்றாள் தேனம்மை. "ஐப்பசியிலயே மாத்தியாச்சு ஆச்சி. கழனிவாசல்ல ஒரு மெக்கானிக்கிட்ட."

மெய்யம்மை காரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பிள்ளைகள் இரண்டும் பெரியம்மாவைப் பார்த்துக் கையாட்டின. அதற்குள் நாராயணன் தொந்தியைத் தூக்கிக்கொண்டு, இரைக்க இரைக்க வந்து சேர்ந்தார். நடந்ததை மெய்யம்மைதான் சொன்னாள்.

ஈஸ்வரன் கீழே இறங்கி, நாராயணன் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "தப்பா நெனச்சுக்காதீகண்ணே. எனக்கும் மதுரையில சொன்னாக, பேடு போச்சு, பிளான்ல வராதுன்னு. புள்ளைகள ஏத்திக்கிட்டுப் போறோம், எதுக்கு வம்புன்னு மாத்திட்டேன். பிளான் ஒண்ணும் போகல, ஆயில் மாத்துறது வைக்கிறதெல்லாம் அவக பாட்டுக்குச் செய்றாக. மத்தத நம்மதானண்ணே பாத்துக்கணும்."

உயிர் திரும்பி வந்த மெய்யம்மைக்கு இப்போது கோபம் வந்தது. தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அப்ப எங்க வண்டியும் இப்படித்தான் கெடக்கும்னு ஒனக்குத் தெரியும்ல? தெரிஞ்சும் ஏன்டி சொல்லல? ஒரு பொம்பள இப்பச் செத்திருப்பாடி!"

தேனம்மை கண் கலங்கிவிட்டாள். "எப்படி ஆச்சி சொல்றது? அத்தான் பேச்ச மீறி நாங்க மாத்துனதே தெரிஞ்சா வீட்டுப் பக்கமே வரமாட்டாக. நீங்களும் எப்படியும் மாத்தியிருப்பீகன்னு நெனச்சுக்கிட்டோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லப்பா" என்றார் நாராயணன்.

ஈஸ்வரன் கார்ச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தேனம்மை பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாராயணன் மனைவியிடம் வந்தார்.

"அவகள விடு. நீ கூடவே இருக்கவ. சத்தத்தக் கேட்டுக்கிட்டேதான வந்த? அன்னைக்கு ரெண்டு தடவையோட ஏன் நிறுத்துன?"

"பயமா இருந்துச்சு."

"பயமா இருந்தா வாயத் தெறந்து சொல்ல வேண்டியதுதான? வண்டி நிக்காதுன்னு அவ்வளவு பயந்தவ..."

"வண்டிக்கில்லங்க" என்றாள் மெய்யம்மை. "ஒங்களுக்குத்தான் பயந்தேன்."