நீச்சல் இல்லாத பட்டியல்

தையல்காரிக்கு வீட்டில் 'லிஸ்டு' என்று பட்டப்பெயர். வைத்தவர் அவளுடைய கணவர், பேருந்து ஓட்டுநர். துணி அளவு வரையும் பழுப்புத்தாளில் மிஞ்சிய துண்டை அவள் எறிய மாட்டாள். பட்டன் கட்ட வேண்டிய சட்டைகள், ஒழுகும் குழாய், உடம்புக்கு முடியாத சித்தி என்று எழுதித் தையல் மெஷினுக்கு எதிரே சுவரில் குத்திவைப்பாள். எழுதாத வேலை ஏதாவது முடிந்துவிட்டால், அதையும் எழுதிவிட்டு உடனே கோடு போட்டு அடிப்பாள்.

"அடிக்கிற சுகத்துக்குத்தான் எழுதுறியா?" என்று ஓட்டுநர் கேட்பார்.

"ஆமா. உங்களுக்கு டீ மாதிரி."

எல்லாப் பட்டியலிலும் கடைசி வரி 'நீச்சல்'. மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே அது அங்கேதான். தாள் பழசானால் புதுத்தாளுக்குக் குடிபோகும். "வாடகை தராத குடித்தனம்" என்று அவர் கிண்டல் செய்வார்.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போன வாரம் புதுப்பட்டியல் ஏறியது. சாப்பிட உட்கார்ந்தவர் அதைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். "நீச்சல் எங்க?"

"விட்டுட்டேன். இந்த வயசுல எதுக்குங்க?"

அவர் சிரிக்கவில்லை. "என்னைக் கேக்காம எப்படி எடுத்த?" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த வரியைத் தான் மட்டும் சுமப்பதாகத்தான் நினைத்திருந்தாள். சுவரைப் பார்த்தாள். மிச்சமிருந்ததெல்லாம் யாரோ ஒருவருடைய சட்டை, யாரோ ஒருவருக்கான வேலை. அவளுக்கென்று ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் வாடிக்கையாளர்களைக் காக்கவைத்துவிட்டு, முதல் வேலையாகத் தனக்கு ஒரு நீச்சலுடை தைத்தாள்.

நீச்சல்குளத்தில் இறங்கியதும் தைரியம் எங்கோ ஓடிப்போனது. கரையோரக் கம்பியைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. "அக்கா, கம்பி எங்கயும் போயிடாது, விடுங்க" என்றாள் நீச்சல் சொல்லித்தரும் பெண். விட்டாள். மூக்கில் தண்ணீர் ஏறியது, இருமினாள், மறுபடி கம்பி. பக்கத்தில் குழந்தைகள் மீன்குஞ்சுகளாகத் திரிந்தார்கள். அவள் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு வாரந்தவறாமல் வந்தாள். ஒருநாள் உடம்பு தானாக மிதந்தது. காலை எப்படி உதைப்பது என்பது அதற்குப் பிறகுதான் பிடிபட்டது.

குறுக்கே நீந்திப் பார்க்கப்போவதாகச் சொன்ன அன்று, ஓட்டுநர் சீருடையோடு நேரே வந்துவிட்டார். அவளுடைய துண்டை மடியில் வைத்துக்கொண்டு எதிர்க்கரையோரப் பலகையில் உட்கார்ந்தார்.

அவள் சுவரை உதைத்துக் கிளம்பினாள். நடுவில் மூச்சு முட்டியது. அடியில் தரை எட்டாது என்பது நினைவுக்கு வந்தது. கை மட்டும் நிற்காமல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போனது. விரல் நுனி எதிலோ மோதியபோதுதான் தலையைத் தூக்கினாள். எதிர்ச்சுவர்.

ஓட்டுநர் எழுந்து நின்று கைதட்டினார். மடியிலிருந்த துண்டு குளத்துக்குள் விழுந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

"வா, மேல வா. நடுங்குற பாரு."

"இருங்க," என்றாள் அவள், முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு. "வந்த வழியாவே திரும்பிப் போயிட்டு வரேன்."