மெதுவாக விழுந்த கதிர்

வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு. ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய் செல்களை வளர்ப்பது அவள் வேலை. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கதிர்வீச்சு அளவைக் கணக்கிடும் இயற்பியலாளர், அவள் அண்ணி.

இருவரும் சேர்ந்து ஒரு சோதனையில் இறங்கினார்கள். எல்லாக் கிண்ணங்களுக்கும் மொத்தக் கதிர் ஒரே அளவுதான். முதல் வரிசைக்கு அதைச் சில நிமிடங்களில் கொடுத்தார்கள், இரண்டாவதற்குப் பல மணி நேரத்தில். மூன்றாவதற்கு இன்னும் மெதுவாக, நாள்கணக்கில்.

"மெதுவா குடுத்தா அடிபட்ட செல் தன்னைச் சரிபண்ணிக்கும் அண்ணி. மூணாவதுலதான் நிறைய பிழைக்கும், பாருங்க."

"இதுக்கு நீ வேற சொல்லணுமாக்கும்," என்றாள் அண்ணி.

பிழைத்த செல்கள் பெருகிக் கூட்டமானதும் வாலு ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவினாள்; ஒவ்வொரு கூட்டமும் ஒரு புள்ளியாகத் தெரியும். முதல் வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். இரண்டாவதில் கொட்டிக் கிடந்தன. மூன்றாவதைத் தூக்கியவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிண்ணம் ஏறக்குறைய காலி!

போன் போட்டதும் அண்ணி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"பட்டினி போட்டுட்டியா?"

"நானா? நீங்க கதிரை அள்ளி ஊத்தியிருப்பீங்க!"

சண்டை சாப்பாட்டு மேசைவரை வந்தது. "ரெண்டு பேரும் அறிவாளிதான். என்னைச் சாப்பிட விடுங்க," என்று அண்ணன் கும்பிட்டான்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அண்ணி கதிர் அளவை ஒவ்வொரு கிண்ணத்திலும் அளந்து சரிபார்த்தாள். வாலு, கதிரே படாத கிண்ணங்களையும் அதே சூட்டில், அதே உணவில் வளர்த்தாள். அவை செழித்து வளர்ந்தன. மெதுவாகக் கதிர் வாங்கிய கிண்ணங்கள் மட்டும் மறுபடியும் காலி.

அப்படியானால் தப்பு யார்மேலும் இல்லை! அடுத்த முறை வாலு, கதிர் விழுந்துகொண்டிருக்கும்போதே சில கிண்ணங்களை வெளியே எடுத்து, செல்கள் பெருகும் சுழற்சியில் எந்தக் கட்டத்தில் நிற்கின்றன என்று பார்த்தாள். திரையில் வரைபடம் மெல்ல எழும்பி, ஒரே இடத்தில் குன்றாக நின்றது.

"அண்ணி! எல்லாம் ரெண்டா பிரியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வந்து மாட்டிக்கிட்டு நிக்குது! அந்தக் கட்டத்துலதான் அதுங்களால கதிரைத் தாங்கவே முடியாது!"

அண்ணி திரையோடு ஒட்டிக்கொண்டாள். "அப்போ வேகமா அடிச்சா இருக்கிற இடத்துலயே உறைஞ்சிடுது. இந்த வேகத்துல அடிச்சா, தானே நடந்துவந்து மோசமான இடத்துல நிக்குது!"

"அதேதான்!"

தலைமை மருத்துவர் வந்து நீண்ட நேரம் பார்த்தார். "சில செல்கள்ல இப்படி நடக்கும்னு படிச்சிருக்கேன். நம்ம செல்லுல எதிர்பார்க்கல. நோயாளிகிட்ட போக ரொம்ப தூரம் இருக்கு. ஆனா விடாதீங்க."

அவர் தலை மறைந்ததும் அண்ணி வாலுவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஐயோ, விழுந்துடுவேன்! இறக்குங்க!"

"இதைவிட மெதுவா குடுத்தா என்ன ஆகும்?"

"அந்தக் கட்டத்துல மாட்டாம நழுவிப் போய்ப் பிழைச்சிடும்னு தோணுது."

"தோணினா போதுமா? செல் ரெடியா?"

வாலு அதற்குள் கையுறையை மாட்டியிருந்தாள்.