காட்டுக்கு வைத்த மண்

விட்பி நகரில் விடியும்போதே குளிர் விரலைக் கடித்தது. புது வீடுகளுக்குப் பின்னால், காடு வளர்க்கவென்று ஒதுக்கிய நிலத்தில், யூஜினி செத்துப்போன மேப்பிள் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். இழுத்தவுடன் கையோடு வந்தன. வசந்தத்தில் நட்டபோது சட்டிக்குள் எப்படிச் சுருண்டிருந்ததோ, வேர் அப்படியே இருந்தது. பக்கத்து மண்ணுக்குள் ஒரு நார்கூடப் போகவில்லை. குழியில் தேங்கிய தண்ணீர் கூழ்முட்டையாய் நாறியது.

எப்படிப் போகும்? வீடு கட்ட வந்த மெசின்கள் ஓடி ஓடி அந்தக் களிமண்ணைச் சீமெந்துத் தரையாக்கிவிட்டன. மேலே கிடந்த கறுத்த மண்ணை முதலிலேயே வழித்து வேலியோரம் மலையாகக் குவித்தாயிற்று. காட்டுக்கென்று வைத்த மண். இன்று அதன் பக்கத்தில் லொறிகள் வரிசையாக நின்றன. மண்ணை ஏற்றிப்போகத்தான் வந்திருக்கின்றன. போன வருடம் கன்று செத்ததென்று நட்டவர்களைத்தான் வேலையால் நிறுத்தினார்கள். அவளுடைய அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை. மில்லிக்கன் பக்கம் வாடகைக்கு எடுத்த ஒரு பேஸ்மென்டில் அவளுடைய இரண்டு பிள்ளைகள்.

மரம் நடும் வேலையை எடுத்திருந்த கொந்தராத்துக்காரர் மகேஸ்வரன் கோப்பியோடு வந்தார். "கெதியா நடுங்கோ. நாளைக்கு நகரசபை ஆக்கள் பாக்க வருகினம். இலையோட நிண்டாக் காணும்."

குழி தோண்டும் மெசினை நிறுத்தினான், கூட வேலைசெய்யும் றூபன். "அந்த மண் எங்க போகுது அண்ணை?"

"யூனியன்வில் வீட்டு வளவுகளுக்கு வித்தாச்சு. உமக்கென்ன?"

"அதைப் போட்டுக் கிளறாமல் நட்டா இதுகளும் சாகும்."

"செத்தா நட்ட ஆக்களின்ர பிழை. அப்பிடித்தான் சொல்லுவன்." அவர் யூஜினியின் பக்கம் திரும்பினார். "நீர் வாயைத் திறவாதையும். உம்மட கேஸ் இன்னும் முடியேல்லை, என்ன? குழப்படிக்காரி எண்டு பேரெடுத்தா இமிகிரேஷனுக்குத் தெரியவரும்."

மெய்யோ பொய்யோ அவளுக்குத் தெரியாது. தெரியாததுதான் பயம். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயமாம். மடியில் ஒன்றுமே இல்லாதவளுக்கு இந்த நாட்டில் எத்தனை பயம்!

குனிந்து புதுக் கன்றொன்றைக் குழிக்குள் வைத்தாள். ஊறிய தண்ணீர் வேரை மூடியது. இதுவும் சாகும், பழி தன் தலையில் விழும். நட்டாலும் வேலை போகும், நடாவிட்டாலும் போகும். கன்றைத் தூக்கிக் கரையில் வைத்தாள். மண்மலையை நோக்கி நடந்தாள்.

மண் அள்ளும் மெசின் வாயை உயர்த்திக்கொண்டு வந்தது. அதன் முன்னால் போய் நின்றாள். யாரோ ஓடிவந்து கையைப் பிடித்தார்கள். கூட நடும் றஜிதா. மற்றப் பக்கத்தில் றூபன் வந்து நின்றான்.

"விசரே உங்களுக்கு? மூண்டு பேருக்கும் வேலை இல்லை!" மகேஸ்வரன் கத்தினார்.

யூஜினி மண்மலையைக் காட்டினாள். "மண்ணைக் காட்டில போடுங்கோ அண்ணை. நாங்கள் நடுறம். இல்லாட்டி ஒருத்தரும் நடமாட்டம்."

மெசின் சற்றுத் தள்ளி நின்றது. மகேஸ்வரன் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். பொலிஸோ, வேறு யாரோ. ஆனால் நிலத்தின் அடுத்த கரையில் நட்டுக்கொண்டிருந்த பிலிப்பினோப் பெண்களும் மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு இந்தப் பக்கமாக நடந்து வந்தார்கள். அவர்களுக்கு இடம்விட்டு யூஜினி கொஞ்சம் நகர்ந்து நின்றாள்.