வீட்டுக்கு வேறொரு டாக்டர்

கணவனின் புது வேலையில் கொடுத்த காப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. குடும்பம் முழுவதற்கும் ஒரே பல் டாக்டர்; அவர் பெயரை எழுத வேண்டும். மூன்று நாளாகப் படிவம் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது.

“இதுக்கு என்ன இவ்வளவு யோசனை? உங்க டாக்டர் பேர எழுதிக் குடு,” என்றான் அவன். லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எதையும் கையோடு முடித்தாக வேண்டும் அவனுக்கு.

அவள் பதினொரு வருடமாக அந்த டாக்டரிடம் உதவியாளர். மாமனாரின் பல் செட்டைச் செய்தவர் அவர். மகளின் முதல் பல்லை வலி தெரியாமல் எடுத்தவரும் அவர்தான். “வெளியில மூடவே மாட்டீங்க, இங்க வந்தா திறக்க மாட்டேங்கறீங்களே,” என்று கேலி செய்தே எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளியையும் வாய் திறக்க வைத்துவிடுவார்.

அவள் பேனாவை எடுத்து, இரண்டு தெரு தள்ளி ஆறு மாதம் முன்பு கிளினிக் திறந்திருந்த ஒரு பெண் டாக்டரின் பெயரை எழுதினாள்.

கணவன் படித்துவிட்டு நிமிர்ந்தான். “என்ன இது? சொந்தக் கடைய விட்டுட்டு எதிர்க்கடையில போய் நிக்கற?”

“வீட்டுக்குப் பக்கம், அதான்.”

“உனக்குப் பொய் சொல்ல வராது. என்னன்னு சொல்லு.”

அந்த வார்த்தை அவளைச் சுருக்கென்று குத்தியது. “நல்லாவே வரும்,” என்றாள். “டாக்டருக்குக் கை நடுங்குது. நாலு மாசமா.”

முதலில் தண்ணீர்த் தம்ளரை எடுக்கும்போது மட்டும்தான் நடுங்கியது. பிறகு ஊசி போடும்போதும் நடுங்கியது. போன மாதம் ஒரு ரொட்டிக்கடைக்காரருக்குச் சொத்தையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது டிரில் வழுக்கி நாக்கின் ஓரத்தைக் கிழித்துவிட்டது. டாக்டர் வெலவெலத்துப் போய் நின்றார். இவள்தான் பஞ்சை அழுத்திக்கொண்டே, “நாக்க அசைச்சிட்டீங்க சார்,” என்றாள். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அந்த மனிதர் வாய் நிறையப் பஞ்சோடு டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டார்.

கணவன் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு, “சரி, நம்ம வீட்டு வாயக் காப்பாத்திட்ட. நாளைக்கு அந்த நாற்காலியில யார உட்கார வைப்ப?” என்று கேட்டான்.

அவள் எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவினாள்.

மறுநாளும் போனாள். கருவிகளை வரிசையாக அடுக்கினாள். வந்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்தாள். டாக்டர் கை நீட்டியபோதெல்லாம் கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். அப்படியே ஒரு வாரம் ஓடியது.

சனிக்கிழமை மகளைப் புது டாக்டரிடம் கூட்டிப்போனாள். திங்கட்கிழமை காலை அங்கிருந்து போன் வந்தது. குழந்தையின் பழைய எக்ஸ்ரே வேண்டுமாம். அவள் பின்னறையில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்ததால் டாக்டரே எடுத்துப் பேசினார்.

கையில் உறையோடு பின்னறை வாசலில் வந்து நின்றார். “உன் பொண்ணோடது. எல்லாம் இருக்கு, பாத்துக்கோ.”

அவள் குழாயை மூடினாள். “டாக்டர், வீட்டுக்குப் பக்கத்துல...”

“எத்தன நாளா தெரியும்மா?”

“நாலு மாசமா.”

“நான் என்னை நானே ஏமாத்திக்கிட்டு இருந்தேன். சரி. உனக்குத் தெரிஞ்சும் ஏம்மா எனக்குக் கருவிய எடுத்து எடுத்துக் குடுத்த?”

கோபமாகக் கேட்டிருந்தால் அழுதாவது இருப்பாள். அவர் நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டார். வேலை போய்விடும் என்ற பயமா, அவர் மனம் நோகும் என்ற பயமா, அவளுக்கே தெரியவில்லை. ஈரக் கையைத் துடைக்காமல் நின்றாள்.

வெளியே ஒரு டீச்சர் கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்தார். “அவங்கள அந்தப் புது டாக்டர்கிட்டயே அனுப்பிடு,” என்றார் டாக்டர். “அப்புறம் நாலு மாசமா வந்தவங்க நோட்ட எடு. எல்லாருக்கும் நானே சொல்லணும்.”

அவள் எண்களை அழுத்தினாள், அவர் பேசினார். சிலர் தங்களுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஒரு அம்மாள் கண்டபடி திட்டிவிட்டு வைத்தார். ஏழாவது எண் ரொட்டிக்கடைக்காரருடையது.

“அன்னிக்கு நீங்க அசையல. என் கைதான் வழுக்கிச்சு,” என்றார் டாக்டர். பிறகு ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

“நான்தான் சார் பொய் சொன்னேன்,” என்றாள்.

அந்தப் பக்கம் மாவு பிசையும் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. “ஒரு வாரம் கஞ்சிதாம்மா குடிச்சேன்,” என்றார் அவர் கடைசியில். “என்னை நானே திட்டிக்கிட்டு.” வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் முதல் வேறொரு டாக்டர் இந்த இடத்தை எடுத்துக்கொள்வதாக அந்த வாரமே ஏற்பாடாயிற்று. அவள் தொடர்ந்து இருக்கலாமா என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அப்போதும் நோட்டில் இன்னும் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “அடுத்த நம்பர்,” என்றார். அவள் பக்கத்தைத் திருப்பினாள்.